வாக்குச் சீட்டும் மருந்துச் சீட்டும்

(குன்னூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கொட்டும் பனியிலும் குலையாது நிற்கும் கழகத் தோழர்களே!

"மேடை அதிரப் புரட்சி பேசுகிறீர்கள், காய்ச்சலில் கிடப்பவனுக்கு உங்கள் புரட்சி ஒரு மாத்திரையாவது வாங்கித் தருமா?" என்று கேலி பேசும் நண்பர்கள் உண்டு. தரும்! தந்திருக்கிறது! சான்று தேடி வெகு தொலைவு போக வேண்டியதில்லை. இந்த நீலமலையே சாட்சி.

வெள்ளையன் இந்த மலைக்கு உடல்நலம் தேடி வந்தான். சமவெளியின் வெயில் அவனைச் சுட்டது. மலைக்காற்று அவனைத் தேற்றியது. அவன் உடல் தேறிய அதே மலையில், அவன் தோட்டத்தில் உழைத்தவன் உடல் தேய்ந்தது. மலை ஒன்று, காற்று ஒன்று. விதி மட்டும் இரண்டு!

1902ஆம் ஆண்டு வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி வெறிநாய்க்கடி நோயால் மாண்டாள். ஐந்தே ஆண்டுகளில், 1907இல், இதே குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அவள் சாவுக்கு நாமும் கண்ணீர் வடிப்போம். அந்த நிலையத்தால் பிழைத்த ஏழைகளையும் மறவோம். ஆயினும் கேட்கிறேன்: லைன் வீட்டிலே பிள்ளை பெறும்போது செத்த தாய்க்காக எந்த நிலையம் எழுந்தது? அவளுக்காகப் பேச நாதியில்லை. அவள் கையில் வாக்கும் இல்லை!

வாக்கு வந்தது, வழியும் பிறந்தது. 1951இல் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. மருத்துவ வசதி, குடிநீர், குழந்தைக் காப்பகம், நோய்க்கால உதவி ஆகியவை துரை மனமிரங்கி வீசும் பிச்சையாக இருந்த நிலை மாறி, தொழிலாளி கேட்டுப் பெறும் உரிமையாயின.

வாக்கு போனால் என்ன ஆகும் என்பதைக் கடலுக்கு அப்பால் காணுங்கள். இலங்கையில் 1931இலேயே வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை கிடைத்தது. 1934, 35இல் மலேரியா அந்நாட்டைச் சூறையாடியபோது, இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து சிற்றூர்களுக்கு நடந்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். வாக்குக் கேட்கும் கட்சிகள் மருத்துவமனையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாத நிலை அங்கே உருவாயிற்று. அரசு மருத்துவமனைகள் பெருகின, மருத்துவம் இலவசமாயிற்று.

எல்லோருக்குமா? இல்லை! 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தனர். அதன் பின்னே வாக்கும் போயிற்று. உலகம் புகழ்ந்த அந்த மருத்துவம் தேயிலைத் தோட்டத்து வேலியருகே வந்து நின்றுவிட்டது; வேலிக்குள்ளே முதலாளியின் மருந்தகந்தான்! 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்டவர்களுக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இந்த மலையிலே உள்ளன. அந்தக் கண்ணீர்க் கதையை அவர்தம் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.

கூடலூரைப் பாருங்கள்! பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் 1988இல் "எங்கள் நிலம் எங்களுக்கே" என்று ஆயிரக்கணக்கில் திரண்டு வீதியில் நடந்தனர். 1990இல் அவர்களுக்கென்றே ஆதிவாசி மருத்துவமனை உருவாயிற்று. ஆதிவாசிப் பெண்களே அங்கே செவிலியராயினர். நிலம் கேட்டு நடந்த கால்கள் மருத்துவமனைக்கும் பாதை போட்டன!

ஆனால் தோழர்களே, பெற்றது தானாக நிலைக்காது. பிரிட்டனில் 1948இல் இலவச மருத்துவத் திட்டம் தந்தவர் அனூரின் பெவன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாய் உழைத்தவர். மூன்றே ஆண்டுகளில், பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றது அவர் கட்சியின் அரசே. அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார் அந்தச் சுரங்கத் தொழிலாளி!

நம் வீட்டு வாசலிலும் அது நடந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்து செய்துவந்த நம் பாஸ்டர் நிலையத்தின் உற்பத்தி உரிமத்தை 2008இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. குறைகள் உண்டு என்றனர். குறையிருந்தால் திருத்துவதா, கூடத்தையே பூட்டுவதா? எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது, 2010இல் தடை நீங்கியது. 1951ஆம் ஆண்டுச் சட்டமோ, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தில் கரைக்கப்பட்டுவிட்டது. சட்டத்தின் பெயர் கரையலாம். உரிமை கரைய விடலாமா?

உதகையிலே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025இல் 700 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகிழ்கிறோம்! அத்துடன் வேலை முடிந்ததென்று போர்த்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்து மருந்தகம் திறந்திருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா? பிரசவ வலியெடுத்தவளை ஏற்றிச் செல்ல வண்டி வருமா? கிளைக் கழகந்தோறும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!

வாக்குச் சீட்டை மதிப்பறிந்து போடுகிறவன் கைக்குத்தான் மருந்துச் சீட்டு வந்து சேரும்.