இரு படங்களுக்கு இடையே



அசையும் சித்திரத்தைக் காணும் கண், படங்களைத் தனித்தனியே காண்பதில்லை. ஒரு செக்கனில் 24 படங்கள் கடந்து செல்ல, அவற்றை ஒரே அசைவாகக் கொள்கின்றது. வால்ட் டிஸ்னியின் சித்திரக்கூடத்தில் தலைமை ஓவியர் அசைவின் முக்கிய நிலைகளை மாத்திரம் வரைவார். இடைப்படங்களை உதவி ஓவியர் வரைந்து நிரப்புவர். அவற்றை எங்கே நெருக்குவது, எங்கே விலக்குவது என்பதைத் தலைமை ஓவியர் தாளின் ஓரத்திற் சிறு கோடுகளாற் குறித்துக் கொடுப்பார்.

இடைப்படம் வரையும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த முன்னோடிகள், கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்ரர் பேர்ட்னிக், மார்செலி வைன் ஆகிய இருவராவர். அவர்களது முறையைக் கொண்டு பீற்றர் ஃபோல்டெஸ் ஆக்கிய 'பசி' என்னும் குறும்படம் 1974 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இன்று, படங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பொருத்தும் மென்பொருள்களிலும் இம்முறையே வழங்குகின்றது. கலைஞர் இரு முதன்மைப் படங்களைக் குறித்தால், இடையிலுள்ளவற்றைக் கணினி நிரப்பிவிடும். ஆயின் கணினி அறிந்தது கணக்கே; பாரம் இன்னதென அஃது அறியாது.

பந்தொன்று அரைச் செக்கனில், அதாவது 12 படங்களில், ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர் விழுவதாகக் கொள்க. இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால், ஆறாவது படத்தில் அது 60 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கும். இயற்கையிலோ 30 சென்ரிமீற்றரே இறங்கியிருக்கும். எஞ்சிய 90 சென்ரிமீற்றரைப் பிந்திய ஆறு படங்களில் விரைந்து கடக்கும். தொடக்கமும் முடிவும் சரியாயிருந்தும் நேர்கோட்டு அசைவு பொய்யாகின்றது.

இப்பொய்யைத் திருத்தும் கருவியே வளையித் திருத்தி. காலம் கிடையாகவும் பெறுமானம் நிலைக்குத்தாகவும் அமைந்த வரைபு அது. முதன்மைப் படம் ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. புள்ளியின் இருபுறமும் நீளும் கைபிடிகளை அசைத்தால் வளையியின் சாய்வு மாறும். சாய்வு குறைந்தவிடத்து அசைவு தளரும், மிகுந்தவிடத்து விரையும். துள்ளியெழுந்த பந்து உச்சியை அடையுமிடத்தில் வளையி தட்டையாதல் வேண்டும். நிலத்தில் மோதுமிடத்திலோ கைபிடிகளைப் பிரித்துக் கூர்முனையாக்குதல் வேண்டும். அங்கும் மென்மையாக வளைத்துவிட்டால், பந்து பஞ்சு மெத்தையில் விழுந்தது போலாகும். அழகாக வளைந்த கோடெல்லாம் நல்ல அசைவன்று.

இன்னோர் இடரும் உண்டு. அசையாது நிற்க வேண்டிய பொருளுக்கு ஒரே பெறுமானமுள்ள இரு புள்ளிகளை இட்டாலும், கைபிடிகள் சாய்ந்திருப்பின் வளையி இடையே ஏறியோ இறங்கியோ செல்லும். பொருளும் மெல்ல நழுவும். ஒளிப்படக் கருவியாற் பிடித்த தெருக்காட்சியின் மேற் பொருத்திய பெயர்ப்பலகை இவ்வாறு இம்மியளவு நழுவினும், அது பின்னர் ஒட்டப்பட்டதெனக் கண் உடனே கண்டுகொள்ளும். புள்ளிகளை மேலும் மேலும் இடுதல் இதற்கு மருந்தன்று. புள்ளி பெருகப் பெருக நடுக்கமே பெருகும். கைபிடிகளைச் செப்பனிடுதலே தக்க வழி.

டிஸ்னி ஓவியர்களான பிராங் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்ரன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட நூலில், அசைவுக்கு 12 விதிகளை எடுத்துரைத்தனர். மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குதல் அவற்றுள் ஒன்று. தாளின் ஓரத்துச் சிறு கோடுகள் செய்த பணியையே வளையி இன்று செய்கின்றது. இடைப்படம் வரையும் பாரத்தைக் கணினி ஏற்றுக்கொண்டது. எது உண்மையான அசைவு எனத் தீர்மானிக்கும் பொறுப்பை அஃது ஏற்கவில்லை. அப்பொறுப்பு மனிதரிடமே இருக்கின்றது. ஆதலின், வளையியைத் திருத்தக் கற்போர் திரையை நோக்குமுன், விழுந்தெழும் பந்தையும் திறந்து மூடும் கதவையும் நன்கு நோக்கக் கற்பாராக.