அகதியும் மருந்து வரிசையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அகதிகளின் சுகவாழ்வும் அரசாங்கத்தின் கடமையும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். உலகச் சட்டத்தின்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லை தாண்டியவரே அகதி. நம் புத்தளக் கரையிலோ எல்லை தாண்டாதவர்களுக்கே அப்பெயர் வழங்கி வந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். 70,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியது இம்மாவட்டத்தில். தமிழரின் பெயரால் நடந்த செயல் அது. ஆகவே நாம் இதைப் பேசாமல் நழுவுவது அழகன்று.

வந்தவர்களை இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் ஏற்றுச் சோறிட்டன. பிறகு ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. கற்பிட்டி மணற்பூமி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் போதிய தூரமில்லாத முகாமில் அழுக்கு நீருக்குள் இறங்க அதிக நாள் எடுக்காது. தோட்டப் பசளையின் நைத்திரேற்று வேறு அந்நீரிற் சேர்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அது ஆகாது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசந்தான். நோய் தொடங்கும் இடமோ கிணற்றடி!

"இவர்கள் வந்ததால் நமக்கு மருந்து போதவில்லை" என்ற முணுமுணுப்பு நம்மூர்களிலும் எழுந்ததுண்டு. வரிசை நீண்டது மெய். ஊர்ச் சனத்தொகைக்கென அமைந்த வைத்தியசாலைக்கு ஒரே மாதத்தில் இன்னோர் ஊரே வந்தால் நீளாதா? ஒரு மருத்துவ மாதுவுக்கு ஏறக்குறைய 3,000 பேர் என்பது நாட்டில் வழங்கும் கணக்கு. கணக்கில் இல்லாத கர்ப்பிணியின் கொட்டிலுக்கு அவர் எப்போது போய்ச் சேருவார்? வந்தவர்களிற் பலர், பிறந்த மண்ணின் காணியும் வாக்கும் கைநழுவுமோ என்றஞ்சி, பதிவை வடக்கிலேயே வைத்திருந்தார்கள். அதிற் குறை காண என்னால் முடியாது. வாக்கு ஓரிடத்திலும் வயிற்றுப்பிள்ளை வேறிடத்திலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, படுத்துறங்கும் இடத்தில் ஆளை எண்ணுவதே அரசாங்கத்தின் வேலை. தற்காலிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே காலம் போயிற்று. உலக வங்கிக் கடனில் வீட்டுத் திட்டம் வந்தது 2007இல், பதினேழாவது ஆண்டில்.

இலங்கையில் மலேரியா ஒழிந்ததென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. முகாமை விட்டுவிட்டு ஊரை மட்டும் காத்திருந்தால் அது கைகூடியிருக்குமா? நுளம்பு பதிவேடு பார்ப்பதில்லை.

எல்லை தாண்டி வந்தோரும் நமக்குத் தெற்கே நீர்கொழும்பில் இருந்தார்கள்: பாகிஸ்தானியர், ஆப்கானியர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் அவர்களை வாடகை வீடுகளிலிருந்து விரட்டினார்கள். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. அவர்களுக்குத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. வைத்தியசாலைக் கதவு திறந்திருந்தாலும், பஸ் காசுக்கு வழியில்லாதவர் அதுவரை எப்படிப் போவார்?

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, நமது கிணறுகளையும், அயலில் இன்னும் வாழும் வடபுலத்துக் குடும்பங்களின் கிணறுகளையும் ஒரே நாளிற் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். போத்தல்களைக் கழுவிக் கொடுக்க நான் வருகிறேன்.