கரை கசியும்போது



பேராவில் புக்கிட் மேரா ஏரியை இரயிலில் போகையில் நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மண் அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. கிரியான் நெல்வயல்களுக்கு இன்றும் அந்த ஏரிதான் தண்ணீர் கொடுக்கிறது.

மண்கரை என்றால் சிறிது கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, ஒரே அளவில் கசிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கலங்கி வந்தால்தான் ஆபத்து. கரையின் உள்மண்ணை நீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே எலிவளை போல ஒரு வழி விழுந்து, அது நேரத்துக்கு நேரம் பெருக்கும். இதற்குப் புதிய அணை, பழைய அணை என்ற வேறுபாடு கிடையாது. அமெரிக்காவில் டீட்டன் என்ற மண் அணை, 1976-இல் முதன்முறையாக நீர் நிரப்பும்போதே உடைந்தது. காலையில் கலங்கல் நீர் தெரிந்தது. நண்பகலுக்குள் கரை போய்விட்டது.

பழைய கரைக்கு மரமும் பகைதான். நிழலுக்கென்று நட்டு வைப்போம். அது பட்டுப்போய் வேர் மட்கினால் அந்தப் பொந்தில் நீர் புகும். கரைக்குப் புல்லே போதும்.

மீன் பிடிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: கரையடியில் கலங்கல் ஊற்றைக் கண்டால் கிட்டே போகாமல் ஓடி வந்து சொல்லட்டும். இரவென்றும் பாராமல் நாம் நீர்ப்பாசன, வடிகால் இலாகாவுக்குத் தெரிவிப்போம்.