முழத்தை விரட்டிய சட்டமும் அடியைக் காக்கும் வழக்கமும்



தமிழ்நாட்டில் ஒருவன் வீடு கட்டத் தொடங்குகின்றான். அவன் படும் பாட்டை முதலில் காண்போம். மனையைச் செண்டுக் கணக்கில் விலை பேசுகின்றான். சென்னையாயின் கிரவுண்டுக் கணக்கு. கையில் உள்ள பட்டாவோ எக்டேர், ஏர் என்கின்றது. பதிவு ஆவணம் சதுர அடியில் எழுதப்படுகின்றது. மணல் வந்திறங்குவது யூனிட்டுக் கணக்கில். யூனிட்டு என்பது நூறு கன அடி. சிமிட்டி ஐம்பது கிலோ மூட்டை. கம்பிக்கு மில்லிமீட்டர், குழாய்க்கு அங்குலம், கதவுக்கு அடி, வண்ணப்பூச்சுக்கு இலிட்டர். ஒரே வீட்டின் ஒரே சுவரில் அங்குலக் குழாயும் மில்லிமீட்டர்க் கம்பியும் அருகருகே புதைகின்றன. கொத்தனார் மண்டைக்குள் இரண்டு நாடுகளின் அளவைகள் ஒருங்கே குடியிருக்கின்றன. அவர் தடுமாறாது வேலையை முடிப்பது அவர்தம் திறமேயன்றி முறையின் சிறப்பு அன்று.

இவ்வளவு அளவுகளுள்ளும் தமிழனுடையது ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள். சாண் இல்லை, முழம் இல்லை, கோல் இல்லை, குழி இல்லை, மா இல்லை. பட்டாவில் 'ஏர்' என்றொரு சொல் தமிழ்போல் ஒளிர்கின்றது. உழவன் அதைத் தன் கலப்பை என்று எண்ணி மகிழலாம். ஆயின் அது பிரெஞ்சுக்காரரின் நிலவளவு. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட நிலமே ஓர் ஏர். நூறு ஏர் கொண்டது ஓர் எக்டேர்.

இத்தடுமாற்றத்தால் விளையும் இழப்பு சிறிதன்று. பட்டாவில் நான்கரை ஏர் என்று காணப்படும் மனையை எடுத்துக்கொள்வோம். அது 450 சதுர மீட்டர், சதுர அடியில் ஏறத்தாழ 4,844, செண்டில் 11.12. 'ஓர் ஏர் இரண்டரைச் செண்டு' என்பது ஊர்க்கணக்கு. அக்கணக்கின்படி பெருக்கினால் பதினொன்றே கால் செண்டு வரும். உண்மைக்கும் ஊர்க்கணக்கிற்கும் இடையே நிற்பது ஏறத்தாழ 56 சதுர அடி. ஏழடிக்கு எட்டடியான ஓர் அறை! அவ்வறைக்கு வாங்குபவன் விலை கொடுக்கின்றான். அறை மட்டும் நிலத்தில் இல்லை. இங்கே எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கருதுக. இரண்டு அளவைகள் ஒரே நிலத்தின்மேல் நின்றாலே போதும். பொய்யன் ஒருவன் தனியே வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1956-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் எடை அளவுகளுக்கான சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்பிரல் முதல் நாள் உருபாவின் கணக்கு மாறிற்று. பதினாறு அணாவாகவும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பையாகவும் பிரிந்து கிடந்த உருபா நூறு காசாயிற்று. 1958 அக்தோபர் தொடங்கிக் கிலோவும் மீட்டரும் இலிட்டரும் படிப்படியாகக் கடைத்தெருவிற்கு வந்தன. பின்னர் 2009-இல் இயற்றப்பட்டு 2011 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இதையே உறுதி செய்தது. விலை கூறுவதாயினும் விளம்பரம் செய்வதாயினும் சட்டம் ஒப்பிய அளவுகளாலேயே செய்தல் வேண்டும் என்பது அதன் கட்டளை.

அச்சட்டத்தின் கண்ணில் பூக்காரியின் முழமும் அடுக்குமாடி விற்பவனின் சதுர அடியும் ஒன்றே, இரண்டும் ஒப்பப்படாதவை. ஆயின் வழக்கத்தில் நேர்ந்தது என்ன? முழம் பழம்பாட்டியின் பேச்சு என்று நகைக்கப்படுகின்றது. சதுர அடியோ செய்தித்தாளின் முழுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்கின்றது. அடி என்னும் சொல் தமிழாயிற்றே என்று சிலர் அமைதி கொள்வர். சொல் தமிழே, சோழர் கல்வெட்டுகளில் அடிக்கணக்கிட்ட அளவுகோல்கள் உண்டு. ஆயின் இன்று நாம் வழங்கும் அடியின் நீளம் தஞ்சையில் வகுக்கப்பட்டதன்று, இலண்டனில் வகுக்கப்பட்டது. தமிழ்ப்பெயர் சூட்டிக்கொண்டு வந்ததால் அதை அயலான் என்று எவரும் ஐயுறவில்லை.

அந்த ஆங்கில அடிக்கும் இன்று சொந்தக்கால் இல்லை என்பதுதான் பெருவியப்பு. 1959-இல் பிரித்தானியா, அமெரிக்க ஒன்றிய நாடுகள், கனடா, ஆத்திரேலியா, நியூசீலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் கூடி ஒரு முடிவு செய்தன. ஓர் அங்குலம் என்பது 2.54 செண்டிமீட்டர், கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அன்றுமுதல் அடி என்பது மீட்டரின் வீட்டில் ஒட்டுக்குடி. பிரித்தானியாவும் 1965-இல் மீட்டர் முறைக்கு மாற முடிவெடுத்தது. 1971-இல் தன் பவுண்டை நூறு காசாக்கிக்கொண்டது. சாலையில் மைலையும் மதுக்கடையில் பைண்டையும் மட்டும் அது இன்னும் விடவில்லை. அது அந்நாட்டார் தம் பாட்டன் சொத்தின்மேல் கொண்ட பற்று. நாம் அதைக் குறை கூறுவதற்கில்லை. அவர்தம் பாட்டன் சொத்தை நாம் ஏன் காக்கின்றோம் என்பதே வினா.

மீட்டர் முறை வேண்டா என்பது இவ்வுரையின் கருத்தன்று. அது எந்த அரசனின் காலையும் கையையும் கொண்டு வகுக்கப்பட்டதன்று. பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் தெலாம்பிரு, மெசேன் என்னும் அறிஞர் இருவர் தன்கிர்க்கு முதல் பார்சிலோனா வரை 1792 முதல் 1798 வரை நிலத்தை அளந்தனர். வடமுனைக்கும் நிலநடுக்கோட்டிற்கும் இடைப்பட்ட தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்பது அவர்கள் காலத்துக் கொள்கை. எல்லார்க்கும் பொதுவான நிலவுலகையே கோலாகக் கொண்ட அளவை அது. பத்துப் பத்தாகப் பெருகும். பத்துப் பத்தாகச் சுருங்கும். அறிவுடைய மக்கள் ஏற்கத்தக்கதே.

நம் பழைய அளவைகளிலும் குறை இருந்தது. படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. பட்டணம்படி வேறு, சிற்றூர்ப்படி வேறு. தலைவழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் ஏழையின் சோறு அடங்கியிருந்தது. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது வழித்தும் அளந்த வணிகர் பலர். அவர்தம் கையைக் கட்டியது கிலோ. அந்நன்றியை மறக்கலாகாது.

ஆயின் குறையிருந்த ஒன்றை நீக்குவது வேறு; அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று பிள்ளைகளை வளர்ப்பது வேறு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்திற்கு 96 நாழி. வாய்பாடாக ஓதினால் தாளம்போல் ஒலிக்கும் இதனை ஓதிய கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கின்றது. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் இன்னின்ன எழுத்தில்தான் தொடங்கும் என்று ஒன்பது எழுத்துகளை எண்ணிச்சொல்லும் அளவிற்குத் தொல்காப்பியம் இத்துறையைக் கருதியிருக்கின்றது. எழுத்திலக்கணம் கூறும் நூல் படியையும் எடைக்கல்லையும் ஏன் பேசவேண்டும்? கடைத்தெருவில் அச்சொற்கள் நாள்தோறும் புணர்ந்து வழங்கியதால்தான்.

நிலத்திற்கு வருவோம். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தமிழ்க் கீழ்வாய் எண்ணில் மா என்பது இருபதில் ஒன்று. ஆகவே வேலியில் மா என்றாலே எவ்வளவு என்பது பெயரிலேயே விளங்கும். ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி என்பதற்கு அப்படியொரு விளக்கம் உண்டா? அறுபத்தாறு அடிச் சங்கிலியை ஆங்கில நிலவளவர் இழுத்ததால் பிறந்த எண் அது. மாவிற்குக் கீழே காணி, முந்திரி. முந்திரியாவது முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி. இவ்வாறு நுணுகி நுணுகி வேலியைப் பகுத்து இறை விதித்தவர் சோழர். தஞ்சைப் பெரியகோயிலில் பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர். இறைவன் பெயரை எடைக்கல்லுக்கு இட்டவர்கள் அதனைக் குறைக்கத் துணிந்திரார். இன்று அக்கல்வெட்டைப் படிக்கும் கல்லூரி மாணவன் 'மா' என்பதைக் கண்டு மாமரம் என்று எண்ணினால் குற்றம் அவனுடையதா?

பொன் நிறுத்த கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும் போன இடத்தில் அமர்ந்தது பவுன். செய்தித்தாள் அதைச் சவரன் என்கின்றது. ஆங்கிலப் பேரரசின் பொற்காசே அது. அக்காசின் எடை 7.988 கிராம், நம் கடைத்தெரு அதை எட்டாக்கிக்கொண்டது. எண் பதின்மமாயிற்று, பெயர் அயலான் பெயராகவே நின்றது. தமிழ்மகளின் தாலி இன்றும் அவ்வரசனின் காசால் நிறுக்கப்படுகின்றது.

மருத்துவமனையிலும் இதே கூத்துத்தான். குழந்தையின் எடை கிலோவில், மருந்து மில்லிலிட்டரில், காய்ச்சல் மட்டும் பாரன்கீட்டில். நூறு பாகை என்றால் தாய் நடுங்குவாள். முப்பத்தெட்டு என்றால் குழந்தை நலமாக உள்ளது என்று மகிழ்வாள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடு!

அளவை மயங்கினால் உயிருக்கே இறுதி நேரலாம் என்பதற்குக் கனடா சான்று. 1983 சூலையில் அந்நாட்டு வானூர்தி ஒன்றுக்கு எரிபொருள் நிரப்பியவர்கள் கிலோவில் கணக்கிட வேண்டியதைப் பவுண்டில் கணக்கிட்டனர். தேவையில் பாதிக்கும் குறைவாகவே எரிபொருள் ஏறிற்று. நடுவானில் பொறிகள் இரண்டும் அவிந்தன. ஓட்டியின் திறத்தால் கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுதளத்தில் அது மிதந்து வந்து இறங்க, உள்ளிருந்த 69 பேரும் பிழைத்தனர். கற்றவர் நாட்டிலேயே இதுவாயின், ஏர் எது செண்டு எது என்றறியாத உழவனை என் சொல்வது?

'மக்களுக்குப் பழகியது அடி. போகட்டும்' என்பர் சிலர். முழமும் பழகியதுதானே? 1967 தேர்தலில் அண்ணா மக்களிடம் உருபாவிற்கு மூன்று படி அரிசி என்றுதான் பேசினார். கிலோச் சட்டம் அப்போது கடைத்தெரு முழுதும் வந்துவிட்டிருந்தது. படி என்றால்தான் வயிற்றுக்கு விளங்கும் என்பதை அவர் அறிவார். இன்றும் சோறு போடுபவனைப் படியளப்பவன் என்கின்றோம். கிலோ நிறுப்பவன் என்பதில்லை. மானத்தை மதியாதவனை 'மானம் வீசை என்ன விலை என்பான்' என்கின்றோம். ஒரு வீசை ஏறத்தாழ ஒன்றே முக்காற் சேர் கிலோவா, அதனினும் குறைவா என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. நாற்பது பலம் கொண்ட வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதும், எறும்பும் தன் கையால் எண்சாண் என்பதும் பொருள் தெரியாத ஒலிகளாகும் நாள் தொலைவில் இல்லை.

இனி, எல்லாவற்றினும் பெரியது ஆற்றுநீர். முல்லைப்பெரியாற்று அணையின் முழுமட்டம் 152 அடி. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் தீர்ப்பளித்தது. தலைமுறை ஒன்றின் வழக்கு அந்த ஆறடிக்காக நடந்தது. காவிரி வழக்கில் 2018-இல் வந்த தீர்ப்பின்படி பிலிகுண்டுவில் தமிழ்நாட்டிற்கு வந்து சேரவேண்டிய நீர் ஆண்டிற்கு 177.25 டி.எம்.சி. சட்டத்தைக் காக்கும் மன்றமே, அச்சட்டம் ஒப்பாத ஆங்கில அளவில் தீர்ப்பு வழங்குகின்றது. கேட்டால் பழைய ஒப்பந்தங்கள் அவ்வளவில் உள்ளன என்பர்.

டி.எம்.சி. என்றால் என்ன? ஆங்கிலத்தில் ஆயிரம், பத்திலக்கம், கனம் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகள். கன என்ன? அடியா, முழமா, மீட்டரா? அளவின் பெயரே அதில் இல்லை! அளவில்லாத அளவை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கின்றோம், வானொலியில் கேட்கின்றோம். நூறு கோடி கன அடி என்று தமிழில் சொன்னால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். 2.83 கோடி கன மீட்டர் என்று சொன்னால் சட்டத்திற்கும் பொருந்தும். இவ்விரண்டையும் விட்டு மூன்றெழுத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால், தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதையே தஞ்சை உழவன் கண்ணால் காண முடிவதில்லை.

அவனுக்குக் கணக்கை இப்படிச் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. அக்கணக்கில் ஒரு வேலி 2,88,000 சதுர அடி. டி.எம்.சி. ஒன்று என்பது ஏறத்தாழ 3,470 வேலி நிலத்தில் ஓரடி உயரத்திற்கு நிற்கும் நீர். மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பினால் கொள்வது 93.47 டி.எம்.சி.; அது மூன்றே கால் இலக்கம் வேலிக்கு ஓரடி நீர். இதைக் கேட்ட உழவன் தன் வரப்பைத் திரும்பிப் பார்ப்பான். எத்தனை வேலிக்கு நீர் வந்தது, எத்தனை வேலிக்கு வரவில்லை என்று அவனே எண்ணத் தொடங்குவான்.