ஏரி வாரியம் எங்கே?



உத்திரமேரூர்க் குடவோலையை, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்த அந்தப் பழைய தேர்தலை, பற்றிப் பேசாத மேடை காஞ்சிபுரம் மாவட்டத்தில் உண்டா? ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் நடத்திய மண் என்று மார்தட்டுகிறார்கள். தட்டட்டும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் அந்த ஓலை எதற்காக எடுக்கப்பட்டது? ஏரியையும் தோட்டங்களையும் கவனித்த குழுக்களான ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர! வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. பெருமை பேசுகிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஏரியையும் கணக்கையும் விட்டுவிட்டார்கள்.

விளைவை வேகவதி ஆற்றில் போய்ப் பாருங்கள்.

காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆனது. ஊர்ச் சாக்கடை இன்னும் அந்த ஆற்றில் கலக்கிறது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரும் சாயத் தண்ணீரும் அதில் சேர்கின்றன. உடனே சாயம் தோய்க்கிற தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். கூலிக்குத் தோய்ப்பவன் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? மாநகராட்சி மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், மாநகராட்சி எல்லையோடு ஆறு நின்றுவிடுகிறதா? ஊராட்சிகளைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுகிறது. ஒருவர் தள்ளிவிட்ட அழுக்கு அடுத்தவர் கிணற்றில் ஊறுகிறது.

உலக மேடையிலும் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்: 2015இல் ஐ.நா.வின் 193 நாடுகளும் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றன, கெடு 2030. ஆறாவது இலக்கு தண்ணீரும் சுகாதாரமும். பதினேழாவது கூட்டுச் செயல்பாடு. நியூயார்க்கில் தலையாட்டினால் வேகவதி தெளியுமா? இங்கே வேலை நடக்க வேண்டும்.

"எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்பவர்கள் அரசியலமைப்பின் 243 இசட்.டி. பிரிவைப் படிக்கட்டும். ஊராட்சித் திட்டங்களையும் நகரத் திட்டங்களையும் ஒன்றாக்க மாவட்டத் திட்டக்குழு வேண்டும் என்கிறது அது. தண்ணீரைப் பகிர்வதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் இரு தரப்புக்கும் பொதுவான அக்கறை என்று எழுதியே வைத்திருக்கிறது. குழுவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாத இடம், நீங்கள் வாக்களித்து அனுப்பிய உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு!

ஆகவே கேட்பது இதுதான். ஊராட்சிகளின் கிராம சபையிலும் மாநகராட்சியின் பகுதி சபையிலும் ஒரே தீர்மானம் போடுங்கள்: திட்டக்குழுவின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருள் வேகவதி, சாயக்கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், செலவில் யார் பங்கு எவ்வளவு என்ற விவரம் ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலகப் பலகையிலும்.