ஈளை இரைப்பும் நம் இல்லங்களும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரைப்பு நோயைப் பற்றிப் பேச யான் வைத்தியன் அல்லேன்; இளமை தொட்டு அந்நோயோடு வாழ்பவன். வகுப்பில் சுண்ணத்தூள் பறக்குங்காலெல்லாம் என் மார்பே எனக்கு அதனை நினைவூட்டும்.

ஈராண்டுக்கு முன் என் தமையனார் மகளைப் பெண் பார்க்க வந்தனர். அவள் காலையும் மாலையும் உறிஞ்சிவந்த இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் ஒளித்தோம். ஒளித்தவருள் யானும் ஒருவன். மணம் முடிந்த பின்னும், மாமியார் காணலாகாதென்று அஞ்சி, அவள் அம்மருந்தை விட்டொழித்தாள். மூன்றாம் திங்களில் ஒரு நள்ளிரவு, மூச்சடைத்து உதடு நீலம் பாய்ந்தவளை மருத்துவமனைக்கு எடுத்தோடினர். பிழைத்தாள். அதன்மேற் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

நிற்க. இந்நோயில் மூச்சுக்குழலின் உட்சவ்வு வீங்கும்; சுற்றியுள்ள தசை இறுகும்; சளி அடைக்கும். பிறர்க்குத் தீங்கு செய்யாத தூசியும் மகரந்தமும் சிலருடம்பிற்குப் பகையாதலே பலரிடத்துக் காரணம். புல்லின் மகரந்தத்தால் தும்மலும் மூக்கொழுக்கும் நேர்தலை மாஞ்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி என்னும் வைத்தியர் தம்மிடத்தே சோதித்தறிந்து, 1873-இல் நூலாக வெளியிட்டார். நம் இல்லங்களிலோ பகை தலையணைக்குள் இருக்கின்றது. நம் தோலினின்று உதிரும் செதிளைத் தின்று வாழும் நுண்ணிய உண்ணிகளின் எச்சமே அது. உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல் நன்று. கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் இரைப்புள்ள குழந்தையின் அறைக்கு ஆகா. (சாம்பிராணியை விலக்கியமைக்கு என் அன்னையார் இன்றும் என்னை மன்னித்திலர்.)

இன்ஹேலர் விடாப் பழக்கமாகிவிடும் என்பர் பலர். இஃது அறியாமை. அது நுரையீரலுக்கே நேராகச் செல்வதால், மாத்திரையினும் மிகச் சிறிய அளவே போதுமானது. அதில் இருவகை உண்டு. இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்துவது ஒன்று. வீக்கத்தைத் தணிப்பது மற்றொன்று. வைத்தியர் விதித்தவாறு, இழுப்பில்லாத நாளிலும் விடாது கொண்டு, வாயைக் கொப்பளித்தல் வேண்டும். நலமாயிருக்கிறோமென்று இதனை நிறுத்துவோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். முன்னதை மட்டும் நம்பி அடிக்கடி உறிஞ்சுதலும் ஆபத்தே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் இந்நோயால் மாண்டோர் சுமார் 4,55,000 பேர்.

ஆதலின், நம் சங்கத்தில் வரன் பதிவோர் இதனை மறையாது கூறுக. கேட்போரும் குற்றமெனக் கொள்ளற்க. என் தமையனார் மகளின் இன்ஹேலர் இப்போது அவள் மாமியாரின் மாடத்திலேயே இருக்கின்றது. காலைதோறும் எடுத்துக் கொடுப்பவர் அவ்வம்மையாரே. தமக்கும் இரைப்பு உண்டென்றும், முப்பதாண்டாக அதனைக் கணவரிடமும் மறைத்து வந்ததாகவும் அன்றிரவு மருத்துவமனையில்தான் சொன்னாராம்.