கண்டதும் கற்றதும்



பிழைப்பை நாடியும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய ஒரு வீட்டை மனக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். மகள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். இரவு மணி பதினொன்று. கையில் புத்தகம் இல்லை. கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளி ஓடிக்கொண்டிருக்கிறது. தாயார் எட்டிப் பார்த்து, "படிக்கிறாயா, படம் பார்க்கிறாயா?" என்று கேட்கிறார். "படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மா" என்கிறாள் மகள். இருவரில் யார் சொல்வது சரி? அதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஆராய்ச்சியாளருக்குக் காணொளி எதற்காக? நூல்கள் இல்லையா, ஆய்விதழ்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் எழுத்துக்குள் அடங்காத அறிவு ஒன்றும் உண்டு. சமையலில் அதைக் கைப்பக்குவம் என்கிறோம். விஞ்ஞானக் கூடத்திலும் அதே பக்குவம் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மோஷே பிரிட்ஸ்கர், உயிரணுக்களை வளர்க்கும் முறை ஒன்றை ஆய்வுக் கட்டுரையில் படித்துத் தாமே செய்து பார்த்தார். கட்டுரையில் கண்டபடி செய்தும் பலன் கிட்டவில்லை. இறுதியில் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று, செய்பவரின் கையை அருகிருந்து பார்த்த பின்னரே அந்த முறை வசப்பட்டது. அந்த அனுபவத்தின் விளைவாக, 2006-இல் அவரும் நண்பர்களும் சோதனைகளைப் படம் பிடித்தே வெளியிடும் 'ஜோவ்' என்னும் ஆய்விதழைத் தொடங்கினர். அதன் பெரும் பகுதியைச் சந்தா கட்டித்தான் காண இயலும். ஆதலால் உங்கள் பல்கலைக் கழக நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுதல் நலம்.

பொருட்செலவின்றிக் கிடைப்பவையும் ஏராளம். நம் நாட்டிலேயே, 2003-இல், ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 'என்.பி.டெல்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் மட்டுமன்றி, அடிப்படை விஞ்ஞானம், மனிதவியல், ஆய்வு நெறி ஆகியவை பற்றிய முழுநீளப் பாடங்கள் அதில் உள்ளன. பாடத்தைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை; சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே உண்டு. 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம் பிரபா', இணைய வசதி குறைந்த வீட்டிலும் டிஷ் ஆண்டெனாவின் வழியே பாடங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஆராய்ச்சி மாணவர் பலருக்கு இடர்ப்பாடு எழுவது தம் துறையில் அன்று. அடுத்த துறையின் வாசலில்தான். உயிரியல் படித்தவருக்குப் புள்ளியியல் வேண்டும். பொருளாதாரம் படித்தவருக்கு உயர் கணிதம் வேண்டும். அத்தகையோருக்கு 'ஸ்டாட்குவெஸ்ட்' என்ற சானல் நல்ல துணை. ஜாஷ் ஸ்டார்மர் என்பவர், ஆய்வுக்கூடத்தில் தம்மோடு பணியாற்றியவர்களுக்குப் புள்ளியியலை விளக்க முற்பட்டதிலிருந்து வளர்ந்தது அது. 2015-இல் கிராண்ட் சாண்டர்சன் தொடங்கிய 'த்ரீ ப்ளூ ஒன் பிரவுன்', கணிதக் கருத்துக்களை அசையும் சித்திரங்களாக நம் முன் விரிக்கிறது. அந்தச் சித்திரங்களுக்கென்றே அவர் கணிப்பொறி நிரல் ஒன்றையும் எழுதினார்.

முதிர்ந்த ஆய்வாளருக்கு வேறு வகை உணவு தேவை. பெங்களூரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு விஞ்ஞான மையமாகிய 'ஐ.சி.டி.எஸ்.', தன்னிடத்தில் நடைபெறும் கருத்தரங்குகளின் உரைகளைப் பதிவு செய்து வெளியிடுகிறது. மெருகேற்றிய படங்கள் அல்ல அவை. கரும்பலகையும் சாக்குக் கட்டியுமாக நடப்பவை பல. இடையிலே ஒருவர் எழுந்து வினா எழுப்புகிறார். பேசுபவர் சற்றுத் தயங்குகிறார். பிறகு விடை சொல்கிறார். அந்தத் தயக்கத்தில்தான் ஒரு துறையின் எல்லை எங்கே இருக்கிறது என்பது மாணவருக்குப் புலப்படும். அச்சிட்ட கட்டுரையில் அதைக் காண்பது அரிது. தமிழாராய்ச்சியில் ஈடுபட்டோருக்கு, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகளின் பதிவுகள் உள்ளன. சென்னைக்குச் செல்ல விடுமுறையும் பயணச் செலவும் வாய்க்காத ஆய்வாளருக்கு இது சிறிய உதவி அன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'வெரிட்டாசியம்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானச் சானலைத் தோற்றுவித்த டெரெக் முல்லர், அதற்கு முன்னர் சிட்னிப் பல்கலைக் கழகத்தில் காணொளிக் கல்வியைப் பற்றியே ஆராய்ந்து, 2008-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் மாணவர் சிலருக்கு இயற்பியல் கருத்தைத் தெளிவாக விளக்கும் காணொளியைக் காட்டினார். வேறு சிலருக்கு, அதே கருத்தைப் பற்றி மாணவர் மனத்தில் பொதுவாக இருக்கும் தவறான எண்ணங்களை முதலில் எழுப்பி, பின்னர் அவற்றை உரையாடலால் திருத்தும் காணொளியைக் காட்டினார். முதல் வகையினர், "தெளிவாக இருந்தது, எளிதில் புரிந்தது" என்று மகிழ்ந்தார்கள். தேர்விலோ முன்னேற்றம் சொற்பமே. இரண்டாம் வகையினர், "குழப்பமாக இருந்தது" என்றார்கள். ஆனால் மிகுதியாகக் கற்றவர்கள் அவர்களே.

இது நம் ஆராய்ச்சி மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முடிவு. புரிந்தது போன்ற உணர்வு வேறு, புரிதல் வேறு. தெளிந்த குரலும் அழகிய படமும் நம் அறியாமையை நம்மிடமிருந்தே மறைத்துவிடக் கூடும். அந்த மயக்கத்தோடு ஆய்வேட்டை எழுதி முடித்தவர், வாய்மொழித் தேர்வு நாளில், தேர்வாளரின் முதல் வினாவிலேயே தடுமாற நேரும். பல ஆண்டு உழைப்பு அன்றைக்குத் தலை குனிய வேண்டுமா?

ஆகவே, ஒரு சானலைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, பேசுபவர் அத்துறையில் உழைத்தவரா? பார்வையாளர் எண்ணிக்கை இதற்குச் சான்றாகாது. அடுத்த காணொளி இது என்று இயந்திரம் நீட்டுவதும் நம்மை நிறுத்தி வைப்பதற்கே. அது உண்மைக்கு உரைகல் அன்று. இரண்டாவது, தம் கூற்றுக்கு ஆதாரமான நூலையும் கட்டுரையையும் அவர் சுட்டுகிறாரா? மூன்றாவது, அது எந்த ஆண்டில் பதிவானது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் 1999-இல் பதிவானவை. கணிதம் பழையதாவதில்லை, இன்றும் அவை பயன் தருகின்றன. கணிப்பொறிக் கருவிகளைப் பற்றிய காணொளியோ இரண்டே ஆண்டுகளில் காலாவதியாகிவிடக் கூடும்.

பார்க்கும் முறையும் முக்கியம். கையில் குறிப்பேடு இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். பேராசிரியர் கணக்கைப் போட்டுக் காட்டுமுன் நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் சுட்டிய மூலக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாக நிற்க வேண்டியதும் அந்த மூலமே. நம்மை மீண்டும் மேசைக்கும் நூலகத்துக்கும் அனுப்பி வைக்கும் காணொளியே சிறந்த காணொளி. அடுத்த காணொளிக்கு மட்டும் அனுப்புவது பொழுதுபோக்கு.

இனி, அந்தத் தாயாரிடம் திரும்புவோம். "படிக்கிறாயா, படம் பார்க்கிறாயா?" என்ற கேள்விக்கு, கையிலுள்ள கருவியைக் கொண்டு விடை காண இயலாது. வேறொரு கேள்வி இருக்கிறது: "இவ்வளவு நேரம் பார்த்தாயே, அதை எனக்குப் புரியும்படி நம் தமிழிலே சொல், கேட்போம்." வேற்று மாநிலத்தில், வேற்று மொழியில் கல்வி பயிலும் மகளுக்கு அதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை, அதைவிட அன்பான தேர்வும் வேறில்லை. அவள் தடையின்றிச் சொல்லிவிட்டால் படித்திருக்கிறாள் என்று பொருள். சொல்லுகையில் நடுவே தடுமாறி, "சற்று இரு அம்மா, இந்த இடத்தை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனால், இன்னும் நன்று. அப்போதுதான் அவள் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.